கேட்க ஆளில்லை என்னும் வாதம்

லினக்ஸ் மேசைக்கணினிக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில் முன்னே நிற்பது ஒன்றுதான்: பழுது வந்தால் கேட்க ஆளில்லை. பள்ளிக்குக் கணினி வாங்கும் கூட்டத்திலும், சிறு அச்சகத்தின் கணக்கு அறையிலும், வீட்டில் பழைய மடிக்கணினியை என்ன செய்வது என்ற பேச்சிலும் இந்த ஒரு வாக்கியம் வந்து விழுந்ததும் விவாதம் முடிந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கினால் விற்றவர் பொறுப்பு, சும்மா வந்ததற்கு யார் பொறுப்பு என்பதே அதன் அடியில் கிடக்கும் கணக்கு. மிக்சிக்கும் மின்விசிறிக்கும் அந்தக் கணக்கு சரி. மென்பொருளுக்கு அது பொருந்தாது. மென்பொருளில் பழுதுக்குப் பொறுப்பேற்பது என்றால் பழுதைப் பார்க்க விடுவது, அதை ஊரறிய எழுதி வைப்பது, திருத்தியதைத் திருத்தியபடியே காட்டுவது. லினக்ஸ் சமூகங்கள் முப்பது ஆண்டுகளாக இதைச் செய்துவருகின்றன. வாடிக்கையாளரின் கண்முன்னே இதைச் செய்யும் விற்பனை நிறுவனம் அரிது.

விற்றவரின் பொறுப்பு எவ்வளவு என்பது, விண்டோஸை நிறுவும்போது எல்லோரும் படிக்காமல் ஒப்புக்கொள்ளும் உரிம ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மென்பொருளால் இழப்பு நேர்ந்தால் கேட்டுப் பெறக்கூடிய தொகை அதற்குக் கொடுத்த விலையைத் தாண்டாது. கைநழுவிய லாபத்துக்கும் மறைமுக இழப்புக்கும் ஈடு கிடையாது. கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் என்றால் உதவி கேட்க வேண்டிய முதல் இடம் மைக்ரோசாஃப்ட்கூட இல்லை, கணினியைச் செய்து விற்ற நிறுவனம். இயங்குதளத்தின் கருவான லினக்ஸ் கர்னலின் ஜிபிஎல் உரிமமும் உத்தரவாதம் எதுவும் இல்லை என்றே சொல்கிறது. ஆகக் காகிதத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. காசு கொடுத்தே ஆதரவு வேண்டும் என்பவர்களுக்கு லினக்ஸிலும் வழி உண்டு. ரெட் ஹேட், சூசே, உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் ஆகிய மூன்று நிறுவனங்களின் பிழைப்பே பெரும்பாலும் அதில்தான் நடக்கிறது.

நடைமுறையில் தமிழ்நாட்டுச் சிறு அலுவலகமோ வீடோ விண்டோஸ் பழுதுக்கு யாரைக் கேட்கிறது? தெருமுனைக் கடைக்காரரை. அவர் கணினியைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சொல்வது, "ஃபார்மேட் பண்ணிடலாம்ணே, டேட்டா எது வேணும்னு மட்டும் சொல்லுங்க." அவரைக் குறை சொல்வதற்கில்லை. மூடிக் கட்டிய நிரலின் உள்ளே போய்ப் பார்க்க அவருக்கு வழியில்லை. நாளுக்குப் பத்து இயந்திரம் வந்துபோகும் மேசையில் காரணம் தேட நேரமும் இல்லை. ஆனால் ஃபார்மேட் என்பது பழுதுநீக்கம் ஆகாது. பழுதின் தடயத்தை அழிப்பது அது. அதே டிரைவர், அதே அப்டேட் மீண்டும் நிறுவப்பட்டதும் அதே பழுது திரும்பி வருகிறது, மறுபடி அதே கடை. கேட்க ஆள் இருப்பதாக நம்பும் பெரும்பாலானோர்க்கு உண்மையில் இருக்கும் ஆதரவு இவ்வளவுதான்.

பெரிய நிறுவனங்களின் நிலையும் அவ்வளவு உறுதியானதாக இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான உள்ளடக்கக் கோப்பு விண்டோஸ் இயந்திரங்களை நீலத்திரையில் நிறுத்தியது. பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமான நிலையங்களும் வங்கிகளும் மருத்துவமனைகளும் நின்றன. எல்லாமே கட்டணம் செலுத்திய வாடிக்கையாளர்கள். பிழை விண்டோஸினுடையது அல்ல என்பதையும், கோப்பு ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெறப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அதற்குள் விழுந்துவிட்ட இயந்திரங்களை எழுப்ப, பெரும்பாலும் ஒவ்வொன்றின் முன்னும் ஒரு மனிதர் உட்கார்ந்து, பாதுகாப்பு முறையில் இயக்கி, ஒரு கோப்பைக் கையால் நீக்க வேண்டியிருந்தது. ஒப்பந்தம் கையில் இருந்தது. அன்று காப்பாற்றியவர்கள் அந்தந்த இடத்தில் இருந்த, கோப்பின் பெயர் தெரிந்த ஊழியர்கள்.

சமூகப் பராமரிப்பு எப்படி நடக்கிறது என்பதை டெபியனை வைத்துப் பார்ப்பது நல்லது. 1993 ஆகஸ்டில் இயன் முர்டாக் தொடங்கிய திட்டம் இது. உபுண்டு இதன்மேல் எழுந்தது, லினக்ஸ் மின்ட் உபுண்டுவின்மேல் எழுந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் இதுவே அடித்தளம். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12இல் 64,419 மென்பொருள் பொதிகள் இருந்தன. ஒவ்வொரு பொதிக்கும் பராமரிப்பாளர் என்று ஒருவரோ ஒரு குழுவோ உண்டு, பெயரும் மின்னஞ்சலும் பொதியின் உள்ளேயே எழுதியிருக்கும். அவரால் முடியாமல் போனால் பொதி 'அநாதை' என்று அறிவிக்கப்படும். அந்தச் சொல்லையேதான் அங்கே பயன்படுத்துகிறார்கள். எடுத்து வளர்க்க யாராவது வரும்வரை அந்தப் பெயர் பட்டியலில் எல்லார் கண்ணிலும் படும்படி நிற்கும். பராமரிப்பாளர் பதில் தராமல் இருந்து பழுது கடுமையானதாக இருந்தால், வேறொரு டெபியன் உறுப்பினர் தாமே திருத்தி ஏற்றும் வழக்கமும் விதியாகவே எழுதப்பட்டுள்ளது. மனம்போனபடி நடக்கும் ஏற்பாடு இப்படி இருக்காது.

இதன் மையம் வழு கண்காணிப்பு முறை. இயன் ஜாக்சன் 1994 வாக்கில் அமைத்தது. யார் வேண்டுமானாலும் ஒரு மின்னஞ்சலில் வழுவைத் தெரிவிக்கலாம். அதற்கு ஓர் எண் விழும். அந்த எண்ணின் கீழ் நடக்கும் ஒவ்வொரு பேச்சும், கருத்து வேறுபாடும், திருத்தமும் பொதுவில் நிற்கும். 1997இல் டெபியன் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தின் ஒரு கூறே குறைகளை மறைப்பதில்லை என்பது. வழுவுக்குக் கடுமை அளவும் உண்டு. விருப்பக் கோரிக்கையிலிருந்து, கணினியையே முடக்கும் பழுது வரை ஏழு படிகள். மேல் மூன்று படிகளில் உள்ளவை வெளியீட்டையே தடுக்கும். அவற்றைத் தீர்க்க முடியாத பொதி அடுத்த பதிப்பிலிருந்து வெளியேற்றப்படும். புதிய பொதி முதலில் நிலையற்ற கிளைக்குப் போய், சில நாள் அங்கே கடும் வழு எதுவும் எழாமல் தாக்குப்பிடித்த பிறகே சோதனைக் கிளைக்கு வருகிறது, சோதனைக் கிளை மாதக்கணக்கில் உறைநிலையில் வைத்துத் தேய்க்கப்பட்ட பிறகே நிலையான பதிப்பு ஆகிறது. நிறுவும் முன்னே அந்தப் பொதியில் கடும் வழு பதிவாகியிருக்கிறதா என்று எச்சரிக்கும் கருவியும் இருக்கிறது. விற்பனை மென்பொருளில் இந்தத் தகவல் நிறுவனத்தின் உள்ளறையில் இருக்கும்; வாங்கியவருக்கு அதைக் கேட்கும் உரிமை கிடையாது.

இவ்வளவு இருந்தும் பழுது வராமல் இருக்காது. வந்த ஒன்றை நெருங்கிப் பார்க்கலாம். 2024 பிப்ரவரி 10 அன்று டெபியன் 12.5 வெளியானது. கர்னல் 6.1.76க்கு உயர்ந்தது. என்விடியா கார்டு உள்ள பல கணினிகளில் அப்டேட் பாதியில் சிவப்பு எழுத்தோடு நின்றது. கணினியை மறுபடி இயக்கினால் உள்நுழைவுத் திரை வராமல் கறுப்பாகவோ எழுத்துத் திரையாகவோ நின்றுவிட்டது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு "அப்டேட் போட்டதும் லினக்ஸ் போச்சு" என்ற கதைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஆனால் அந்தக் கணினி போகவில்லை. இயக்கும்போது வரும் கிரப் பட்டியலில் கூடுதல் தேர்வுகள் என்ற வரியைத் திறந்தால் முந்தைய கர்னல் அங்கேயே இருந்தது. டெபியன் புதிய கர்னலை நிறுவும்போது பழையதை உடனே அழிப்பதில்லை. அதைத் தேர்ந்தெடுத்தால் நேற்று வேலை செய்த கணினி இன்றும் வேலை செய்தது, கோப்புகள் எல்லாம் வைத்த இடத்தில். அடுத்து காரணம். என்விடியாவின் மூடிய டிரைவர் கர்னலோடு வருவதில்லை. கர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் டிகேஎம்எஸ் என்னும் கருவி அதை அந்தக் கணினியிலேயே புதிதாகக் கட்டித் தருகிறது. கட்டும்போது நடந்தது முழுவதும் ஒரு கோப்பில் எழுதப்படுகிறது. அந்தக் கோப்பின் கடைசி வரிகளில், ஜிபிஎல்லுக்கு ஒவ்வாத என்விடியா மாட்யூல், ஜிபிஎல் மாட்யூல்களுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட ஒரு செயற்கூற்றைப் பயன்படுத்துகிறது, ஆகவே கட்ட முடியாது என்று தெளிவாக இருந்தது. கர்னலின் நினைவக நிர்வாகத்தில் ஒரு பிழையைத் திருத்தக் கொண்டுவந்த சிறு மாற்றம் அந்தச் செயற்கூற்றை மறைமுகமாக உள்ளே இழுத்திருந்தது. டெபியனும் பழுதில்லை, கணினியும் பழுதில்லை. இரண்டு நிரல்களுக்கு இடையிலிருந்த உரிம வேலியில் ஒரு கம்பி நகர்ந்திருந்தது.

அந்தப் பிழை வரியை அப்படியே தேடியவர்கள் சற்று நேரத்தில் ஒரே வழு அறிக்கையில் வந்து சேர்ந்தார்கள். பழைய கர்னலில் இருங்கள் என்ற வழிகாட்டல் அங்கே இருந்தது. திருத்தப்பட்ட டிரைவர் பொதி, அடுத்த பெரிய வெளியீட்டுக்குக் காத்திராமல் இடைக்கால அப்டேட் வழியாக வந்தது. இதற்கு ஃபார்மேட் தேவைப்படவில்லை. இந்தப் பழுது முன்னமே பிடிபட்டிருக்க வேண்டும் என்று டெபியனைக் குறை சொல்லலாம், அது நியாயமான குறை. ஆனால் கேட்க ஆளில்லை என்று இதைப் பார்த்துச் சொல்ல முடியாது. என்ன உடைந்தது, ஏன் உடைந்தது, எந்தத் திருத்தத்தால் உடைந்தது என்ற மூன்று கேள்விக்கும் பயனர் தம் கணினியிலும் அந்த வழு அறிக்கையிலும் பதில் படிக்க முடிந்தது. டிரைவரின் மூடிய பகுதியில் பழுது இருந்திருந்தால் அந்தப் பதில் கிடைத்திருக்காது.

கறுப்புத் திரையில் கட்டளை தட்டும் வேலை நிபுணருக்கே உரியது என்ற வாதமும் இங்கேயே கரைகிறது. டெர்மினலில் தட்டும் கட்டளையின் பெருமை அது எழுத்து என்பதில் இருக்கிறது. கிளிக் செய்யும் இடங்களைத் தொலைபேசியில் விளக்க அரை மணி நேரம் ஆகும். இடது ஓரத்தில் இருக்கும் பொத்தானைச் சொன்னால் எதிர்முனையில் அது வேறு ஓரத்தில் இருக்கும். கட்டளையை ஒரே வரியில் அனுப்பலாம், அதன் விடையை அப்படியே திருப்பி அனுப்பலாம், நடுவில் எதுவும் சிதையாது. மதுரையில் இருப்பவரின் பழுதை பெர்லினில் இருப்பவர் பார்க்க முடிவது இந்த எழுத்தால்தான். கணினியின் கடந்த இயக்கத்தில் பதிவான பிழைகளை மட்டும் எடுத்துக் காட்டும்படி ஒரு வரியில் கேட்கலாம். செயலி, கார்டு, டிரைவர், கர்னல் விவரம் அனைத்தையும் தனிப்பட்ட தகவலை மறைத்துத் தொகுத்துத் தரும் கருவியும் உண்டு. அறியாத கட்டளையை யாரோ கொடுத்தார் என்று கண்ணை மூடி ஒட்டுவது ஆபத்து என்பது உண்மை. ஒவ்வொரு கட்டளைக்கும் கையேடு அதே கணினியில் இருக்கிறது என்பதும் உண்மை.

நல்ல கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த வட்டாரத்தில் ஓர் இலக்கணமே வளர்ந்துவிட்டது. புட்டி நிரலை எழுதிய சைமன் டாதம் 1999இல் வழுவை எப்படித் தெரிவிப்பது என்று எழுதிய கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது. "வேலை செய்யவில்லை" என்பதில் தகவல் எதுவும் இல்லை. என்ன செய்தார், என்ன எதிர்பார்த்தார், என்ன நடந்தது, திரையில் வந்த சொற்கள் என்ன என்ற நான்கும் வேண்டும் என்பதே அதன் சாரம். மருத்துவரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பவருக்கு நேரும் கதிதான் இங்கும் நேரும். சமூகம் பதில் தரவில்லை என்று குறைப்படுபவர்களின் கேள்விகளில் கணிசமானவை பிழைச் செய்தியே இல்லாதவை. பதில் தருபவர்களில் சிலர் வெடுக்கென்று பேசுகிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. புதிதாக வந்தவரைக் கையேட்டைப் படி என்று விரட்டுவது முரட்டுத்தனம். அப்படி விரட்டப்பட்ட ஒவ்வொருவரும் இந்தச் சமூகத்துக்கு நேர்ந்த இழப்பு. உதவி செய்யும் இடத்தில் பொறுமை கட்டாயம் என்ற நடத்தை விதிகளைப் பல திட்டங்கள் எழுதி வைத்திருக்கின்றன, எழுதியபடி நடக்கவும் வேண்டும்.

அப்டேட் வந்தாலே உடையும் என்ற அச்சம், எல்லா லினக்ஸும் ஒன்று என்று நினைப்பதால் வருவது. ஆர்ச் லினக்ஸ் போன்றவை உருண்டோடும் முறையைச் சேர்ந்தவை, மென்பொருள் புதிதாக வந்த சூட்டிலேயே பயனருக்குப் போகும். 2022 ஆகஸ்டில் அங்கே வந்த கிரப் அப்டேட்டால் பல கணினிகள் எழும்பவே இல்லை. புதியது வேண்டும் என்று தெரிந்தே தேர்ந்தெடுத்தவர்கள் கொடுத்த விலை அது. பள்ளிக்கும் அச்சகத்துக்கும் ஏற்றது டெபியன் நிலைப்பதிப்போ உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்போதான். இரண்டிலும் ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், பொதிகளின் பதிப்பு பெரும்பாலும் மாறாது. மின்ட் தன்னோடு தரும் டைம்ஷிஃப்ட், அப்டேட்டுக்கு முந்தைய நிலையைப் படமெடுத்து வைத்து, ஒத்துவராவிட்டால் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். கர்னலிலும், நேற்றுவரை ஓடிய பயனர் நிரலை இன்றைய மாற்றம் உடைத்தால் அது கர்னலின் வழுவே என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காத்துவரும் விதி. உடைத்த மாற்றத்தைக் கண்டுபிடிக்க நிரல் எழுதத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. ஆயிரம் மாற்றங்களுக்கு நடுவே பழுது புகுந்திருந்தால், நடுவிலுள்ள பதிப்பைச் சோதித்து, நன்றா கெட்டதா என்று மட்டும் சொல்லிப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால் பத்து முறையில் குற்றவாளியான ஒரு மாற்றம் மிஞ்சும். பொறுமையுள்ள பயனர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலைகளைச் செலவிட்டுக் கண்டுபிடித்துக் கொடுத்த வழுக்கள் கர்னல் வரலாற்றில் ஏராளம், அவர்கள் பெயரும் திருத்தத்தோடு சேர்த்தே பதியப்படுகிறது.

சமூகப் பராமரிப்புக்கு எதிரான வலுவான வாதம் பாதுகாப்பிலிருந்து வருகிறது. அதற்குச் சான்றாகக் காட்டப்படும் இரண்டு நிகழ்வுகளும் உண்மை, இரண்டும் மோசமானவை. முதலாவது டெபியனின் சொந்தத் தவறு. 2006இல் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில், சோதனைக் கருவி ஒன்று எச்சரித்ததால், பராமரிப்பாளர் நிரலின் இரண்டு வரிகளை முடக்கினார். அவற்றில் ஒன்றுதான் சாவிகளுக்கு வேண்டிய தற்செயல் தன்மையைக் கலந்து கொண்டிருந்தது. அது போனபின் மிஞ்சியது இயங்கும் நிரலின் எண் மட்டும். ஒரு வகைச் சாவிக்கு 32,768 வாய்ப்புகளே எஞ்சின. யூகித்தே திறந்துவிடக்கூடிய சாவிகளோடு டெபியனும் உபுண்டுவும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஓடின. 2008 மே 13இல் இதை வெளியிட்டவர்கள் டெபியன்காரர்களே, கண்டுபிடித்த லூசியானோ பெல்லோவும் டெபியன் உறுப்பினரே. அதே வேகத்தில் பலவீனமான சாவிகளின் பட்டியலும், கணினியில் அப்படிப்பட்ட சாவி இருக்கிறதா என்று பார்க்கும் கருவியும் வந்தன. எந்த வரி, யார் கையால், எந்த நாளில் மாறியது என்பது இன்றும் பொதுவில் கிடக்கிறது. இதே தவறு மூடிய நிரலில் நடந்திருந்தால் அந்த வரியை வெளியார் எவரும் பார்த்திருக்க முடியாது.

இரண்டாவது நிகழ்வு இதைவிடக் கவலை தருவது. எக்ஸ்இசட் என்னும் சுருக்குக் கருவி ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் உண்டு. அதை நெடுங்காலம் பெரும்பாலும் தனி ஒருவரே சுமந்து நின்றார். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் 2021 முதல் உதவிகள் செய்து நம்பிக்கை பெற்று, இணைப் பராமரிப்பாளராகி, 2024 தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் தொலை உள்நுழைவுக்குக் கள்ள வழி ஒன்றைப் புதைத்தார். 2024 மார்ச் 29இல் அதை வெளிக்கொணர்ந்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர், மைக்ரோசாஃப்டில் பணியாற்றுபவர். பாதுகாப்புத் துறை அவருடையது அல்ல. டெபியனின் நிலையற்ற கிளையில் உள்நுழைவு அரை வினாடி கூடுதலாக எடுப்பது அவருக்கு உறுத்தியது. உறுத்தலைப் பின்தொடர்ந்து போனார், நிரல் திறந்திருந்ததால் கடைசிவரை போக முடிந்தது. கெட்ட பதிப்பு அப்போது டெபியனின் சோதனை, நிலையற்ற கிளைகளிலும், ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புகளிலும், ஓபன்சூசே டம்பிள்வீடிலும் நுழைந்திருந்தது. டெபியனின் நிலைப்பதிப்புக்கு வரவில்லை. கிளைகளை அடுக்கி வடிகட்டும் முறை தன் வேலையைச் செய்தது.

இது தற்செயல் என்பார்கள். அரை வினாடியை ஒருவர் கவனித்தது தற்செயல்தான். கவனித்தவர் தோண்டிப் பார்க்க முடிந்தது தற்செயல் இல்லை. ஆனாலும் இந்த நிகழ்வு காட்டும் புண் ஆறவில்லை: உலகமே சாய்ந்து நிற்கும் தூணை ஒரு மனிதர் தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தார், அவருடைய களைப்பின் வழியாகத்தான் கள்வன் நுழைந்தான். இலவசமாகக் கிடைப்பதற்கு நன்றியும் தராமல், சம்பளமும் தராமல், ஏன் இன்னும் சரிசெய்யவில்லை என்று அதட்டும் பழக்கமே அந்தக் களைப்பை உண்டாக்குகிறது. கர்னலின் பெரும்பகுதியை இன்று இன்டெல், கூகுள், ரெட் ஹேட் போன்ற நிறுவனங்களின் சம்பளக்காரர்களே எழுதுகிறார்கள். டெபியனின் நீண்டகால ஆதரவுக்கு ஃப்ரெக்சியன் என்ற நிறுவனம் வழியாக ஆதரவாளர்களின் பணம் வருகிறது. சின்னஞ்சிறு நூலகங்களுக்கு இந்த ஓட்டம் வந்து சேர்வதில்லை. சமூகத்தைக் குறை சொல்ல வேண்டிய சரியான இடம் இதுதான், கேட்க ஆளில்லை என்பவர்கள் இதைத் தொடுவதே இல்லை.

பெரிய அளவில் லினக்ஸ் தோற்றது என்பதற்கு மியூனிக் நகராட்சியைக் காட்டுவது வழக்கம். 2003இல் முடிவெடுத்து, ஏறக்குறைய 15,000 கணினிகளை மாற்றி, 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப நகர மன்றம் முடிவு செய்தது. அங்கே ஒவ்வொரு பழுதும் லினக்ஸின் கணக்கில் எழுதப்பட்டது. பல துறைகளாகச் சிதறிக் கிடந்த நிர்வாகக் குறைகளும் அதில் அடக்கம். அதே காலத்தில் பிரான்சின் ஜொந்தார்மெரி காவல் படை 2008 முதல் உபுண்டுவுக்கு மாறி, எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட கணினிகளில் அதையே ஓட்டிவருகிறது. அந்தப் பெயரை இந்த விவாதங்களில் யாரும் எடுப்பதில்லை. அண்டையிலுள்ள கேரளத்தின் எடுத்துக்காட்டு இன்னும் பொருத்தமானது. அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிகள் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கைட் அமைப்பு தயாரிக்கும் கட்டற்ற இயங்குதளத்தில் ஓடுகின்றன. அது ஓடுவதற்குக் காரணம் இயங்குதளத்தின் உயர்வு மட்டும் இல்லை. பள்ளிதோறும் ஓர் ஆசிரியருக்கு ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு தரப்பட்டது, அவருக்குப் பயிற்சி தர மாவட்டத்தில் ஆள் இருந்தார், 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்களும் சேர்ந்தன. ஆய்வகத்தில் ஒரு கணினி எழும்பவில்லை என்றால் முதலில் உட்கார்ந்து பார்ப்பவர் அந்தப் பள்ளியைச் சேர்ந்தவர். ஆள் இல்லை என்று சொன்ன இடத்தில் ஆளை உருவாக்கினார்கள்.

லினக்ஸால் இன்னும் ஆகாதவை உண்டு. சில விரல்ரேகை உணரிகளுக்கு டிரைவரே இல்லை. சில மடிக்கணினிகள் உறங்கப் போனால் விழிப்பதில்லை. சில டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களும் வரித் தாக்கல் கருவிகளும் விண்டோஸையே எதிர்பார்க்கின்றன. தமிழ் அலுவலகங்களில் தனித் தொல்லை ஒன்று: ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கும் பழைய கோப்புகள். அந்த எழுத்துருவை லினக்ஸில் போட்டால் படிக்க முடியும், ஆனால் அந்த எழுத்துருவுக்கென்று எழுதிய தட்டச்சுக் கருவி விண்டோஸில் மட்டுமே ஓடும். தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் நிறுவும்போதே இருக்கிறது. பழைய பழக்கத்தை விடாத அலுவலகத்தில் இதுவும் "லினக்ஸில் தமிழ் வராது" என்று பெயர் பெறுகிறது. இந்தப் பட்டியலில் உள்ள பெரும்பாலான குறைகளுக்கு வேர் ஒன்றே: வன்பொருளையோ கோப்பு வடிவத்தையோ செய்தவர் அதன் விவரத்தை மூடி வைத்திருக்கிறார். திறந்து கொடுத்த இடங்களில், அச்சுப்பொறிகள் அதற்குச் சாட்சி, இருபது ஆண்டுக்கு முன் தலைவலியாக இருந்தது இன்று கம்பியைச் செருகியதும் வேலை செய்கிறது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் நின்றது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு இல்லாத, செயலி சற்றுப் பழையதான கணினிகளை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் ஒரு தேதியில் கேட்பாரற்றுப் போனது, இயங்குதளத்தை விற்றவர் முடிவு செய்த தேதியில். அதே இயந்திரத்தில் பெரும்பாலும் டெபியன் 13 ஓடும்.

மாறும் அலுவலகமோ பள்ளியோ செய்ய வேண்டிய ஏற்பாடு சிறியது. எல்லாக் கணினிக்கும் ஒரே நிலைப்பதிப்பு. பயனர் கோப்புகளுக்கு வட்டில் தனிப் பிரிவு, வாரம் ஒருமுறை வெளிவட்டில் நகல். வன்பொருள் வாங்கும் முன் அந்த மாதிரி லினக்ஸில் ஓடியதா என்று தேடிப் பார்த்தல். அப்டேட்டை ஒரே ஒரு கணினியில் முதலில் போட்டு இரண்டு நாள் பார்த்தல். பிழைச் செய்தியைப் படித்து, தேடி, தேவைப்பட்டால் வழு அறிக்கை எழுதும் பொறுப்பு ஒருவருக்கு, வேலை நேரத்திலேயே. அவர் எழுதும் அறிக்கைக்கு எண் கிடைக்கும். அந்த எண்ணை ஒரு தாளில் குறித்துக் கணினியின் பக்கவாட்டில் ஒட்டி வைத்தால், அவர் வேறு ஊருக்கு மாறிப் போன பிறகு அந்த மேசைக்கு வருபவரும் நடந்தது முழுவதையும் படிக்கலாம். டெபியனில் தீர்ந்த வழு 28 நாள் அசைவின்றிக் கிடந்தால் காப்பகத்துக்குப் போகும், அங்கிருந்து அழிக்கப்படுவதில்லை.